லினக்ஸுக்குக் குடிபோன செட்டிநாட்டு ஓடுதளம்

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறுவதற்காக டி டிரைவை ஃபார்மேட் செய்யப் போகிற நேரத்தில் ஆச்சி மகன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். அக்காவை எங்கள் வழக்கில் ஆச்சி என்போம். பையன் கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான்.

"அம்மான், எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குல ஏத்திட்டேன்னு சொன்னீங்கள்ல, அதை ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா?"

திறந்தோம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்கு நான் சேர்த்த நிலக்காட்சிகள் இருக்கும் கஸ்டம் சீனரி என்ற ஃபோல்டருக்குள் எல்லாப் பெயர்களும் வரிசையாக இருந்தன. திருச்சி இருந்தது, மதுரை இருந்தது, ஐந்து வருடமாக நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய செட்டிநாடு ஓடுதளமும் இருந்தது. அவன் அதன்மேல் வலது கிளிக் செய்து அளவைக் காட்டினான். ஒரு கேபி சொச்சம். அடுத்ததும் அப்படியே. "இதெல்லாம் வெறும் ஷார்ட்கட் அம்மான். சரக்கு இன்னும் டி டிரைவுலதான் கிடக்கு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் எஸ்எஸ்டி நிரம்பியபோது சீனரி முழுவதையும் டி டிரைவுக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் ஷார்ட்கட் மட்டும் வைத்தவன் நான்தான். எக்ஸ்-பிளேன் அந்த ஷார்ட்கட்டைப் பின்பற்றிப் போய் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாள்கூட அந்த மாற்றம் கண்ணில் படவில்லை, மறந்தே போனேன். இன்னும் அரை நிமிடம் கழித்து அவன் வந்திருந்தால் ஓடுதளம் போயிருக்கும்.

இந்தப் பதிவை எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான். சிமுலேட்டரை வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், நகல் எடுத்த பிறகு பெயர்களை மட்டும் பார்க்காதீர்கள். அளவைப் பாருங்கள்.

சரி, ஏன் மாறவேண்டி வந்தது? என் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ7. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்து வாங்கிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அடுத்த வருடமும் இதே இடத்தில்தான் நிற்பேன். நல்ல ஓட்டத்தில் இருக்கிற மெஷினைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. நான் ஓட்டுவது எக்ஸ்-பிளேன் 12. அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் வருகிறது, ஒருமுறை வாங்கிய உரிமச் சாவி மூன்றிலும் செல்லும். மைக்ரோசாப்டின் ஃப்ளைட் சிமுலேட்டரை ஓட்டுகிறவனாக இருந்தால் இந்த முடிவை இவ்வளவு எளிதாக எடுத்திருக்க மாட்டேன். அது லினக்ஸுக்கென்று வெளியிடப்படவில்லை.

மைக்ரோசாப்டின் பழைய ஃப்ளைட் சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸில் ஒருமுறை குடிமாறி நொந்தவன் நான். 2006-இல் வந்தது அது. எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு அதைக் கொண்டுபோனபோது, கூடுதலாகச் சேர்த்த ஆட்-ஆன்கள் எங்கெங்கே கால் ஊன்றியிருக்கின்றன என்று தேடியே ஒரு வாரம் போனது. விமானங்கள் ஓரிடம், அமைப்புக் கோப்பு பயனர் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் வேறிடம், சீனரி பட்டியல் இன்னோரிடம், எல்லாவற்றுக்கும் மேலே விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில பதிவுகள். விண்டோஸ் தன் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் மற்ற மென்பொருள் எழுதுவதைக் கட்டுப்படுத்தியதால், அங்கே நிறுவிய எஃப்எஸ்எக்ஸில் பாதி ஆட்-ஆன்கள் மக்கர் செய்தன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டிரைவின் வாசலிலேயே தனி ஃபோல்டரில் நிறுவிய பிறகுதான் நிம்மதி.

எங்கள் பெரிய வீட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும். மூன்று புள்ளிக்கு, அதாவது மூன்று குடும்பங்களுக்குப் பங்குள்ள வீடு. நடுமுற்றமான வளவைச் சுற்றி அறைகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு. ஒரு சாவி சென்னையில், ஒன்று கோலாலம்பூரில். கல்யாணம் காட்சி என்று வந்தால் சாவிகளைச் சேர்ப்பதே ஒரு வேலை. எஃப்எஸ்எக்ஸ் அப்படிப்பட்ட வீடு. எக்ஸ்-பிளேன் ஒரு புள்ளி வீடு. விமானம், சீனரி, ப்ளக்இன் என்கிற துணை மென்பொருள், ஜாய்ஸ்டிக் அமைப்பு எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள். அந்த தைரியத்தில்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

ஃபார்மேட்டை நிறுத்திவிட்டு அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து சிட்டை எழுதினோம். எங்கள் கல்யாணங்களில் சாமான் பரப்பும்போது சிட்டை வைத்துச் சரிபார்ப்பார்கள், வெள்ளிக் கும்பாவிலிருந்து இரும்புச் சட்டி வரைக்கும். அதே மாதிரி ஒரு நீள நோட்டில் எழுதினோம். மறுபடி இறக்கிக்கொள்ளக் கூடியவை ஒரு பக்கம். காசு கொடுத்து வாங்கியவை, அவற்றின் சீரியல் எண், எந்த மின்னஞ்சலில் வாங்கியது என்பது அடுத்த பக்கம். மூன்றாவது பக்கத்தில், தொலைந்தால் இந்த உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காதவை. முதல் பக்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது பக்கத்தில் ஆறே வரிகள். எக்ஸ்-பிளேன் ஃபோல்டர் முழுக்க நூறு ஜிபியைத் தாண்டும், அந்த ஆறு வரிகளும் சேர்ந்து இரண்டு ஜிபி வராது. முதலில் அவற்றைத்தான் எடுத்தோம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, அவன் லேப்டாப்பில் ஒன்று.

அந்த ஆறு வரியும் செட்டிநாடு ஓடுதளம்தான்.

செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. போர் முடிந்ததும் கைவிட்டுவிட்டார்கள். ஐயா, அதாவது எங்கள் தாத்தா, அந்த நாட்களைப் பார்த்தவர். விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாம் பொட்டலில் ஓடுவார்களாம். அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்டே நான் வளர்ந்தேன். எங்கள் பக்கத்தில் விமானம் ஒன்றும் தூரத்துச் சங்கதி இல்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமானக் கம்பெனியே நடத்தியவர். காரைக்குடியில் கல்லூரிகளும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமும் அவர் கொடுத்த கொடை என்பது ஊருக்கே தெரியும், அவர் விமானி என்பதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் பெரிய குறை.

சிமுலேட்டரில் வந்த சீனரியில் அந்த ஓடுதளம் இல்லை, வெறும் புதர்க்காடு. அதனால் நானே செய்தேன். சீனரி வரைவதற்கு வேர்ல்டு எடிட்டர் என்ற இலவசக் கருவியை எக்ஸ்-பிளேன் தயாரிப்பாளர்களே தருகிறார்கள். செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து ஓடுதளத்தின் விளிம்பை வரைந்தேன். விரிசல் விட்ட இடங்களில் புல், ஓரத்தில் கருவேலம். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் எங்கள் தெருவைக் கட்டினேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே வளவு சதுரமாகத் திறந்திருப்பது மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். வாரக் கடைசிகளில் செய்து செய்து, இருபத்து மூன்று வீடுகள் முடித்திருந்தேன்.

படத்தைத் தவிர ஒலியும் உண்டு. ஒரு மார்கழி விடியலில் அப்பச்சியை, அதாவது என் அப்பாவை, காரில் உட்காரவைத்து ஓடுதளத்துக்குக் கூட்டிப்போய், செல்ஃபோனில் மயில் அகவலைப் பதிவு செய்தேன். சென்னைக்குப் போகிற பல்லவன் தூரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போனான், அதையும் பிடித்தேன். ஃப்ளை வித் லுவா என்றொரு இலவச ப்ளக்இன் இருக்கிறது. அதில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி எக்ஸ்-பிளேனுக்குக் கட்டளை தரலாம். விமானம் செட்டிநாட்டில் இறங்கி எஞ்சின் நின்றதும் மயில் அகவ வேண்டும், கொஞ்சம் கழித்து ரயில் போக வேண்டும். இரண்டு தனி ஸ்கிரிப்ட். வாரத்தில் இரண்டு நாளாவது அப்பச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தச் சத்தம் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இனி குடிமாறிய கதை. லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்ட் போட்டோம். நிறுவுவது அரை மணி நேரத்தில் முடிந்தது. கிராபிக்ஸ் கார்டு என்விடியா என்றால் இயல்பாக வருகிற திறந்தமூல டிரைவரோடு நிற்காதீர்கள். எக்ஸ்-பிளேன் 12-க்கு வல்கன் என்ற கிராபிக்ஸ் முறை நன்றாக ஓட வேண்டும். டிரைவர் மேனேஜரைத் திறந்து என்விடியாவே தருகிற டிரைவரைத் தேர்ந்தெடுத்து, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். அடிப்படை எக்ஸ்-பிளேனைப் புதிதாகவே இறக்கினேன், சாவியைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. உலகம் முழுவதையும் இறக்காமல் ஆசியாவை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அப்படியும் ஒரு பகலும் ராத்திரியும் ஆனது.

காசு கொடுத்து வாங்கிய விமானங்களில் ஒரு சங்கடம். சில விற்பனையாளர்களின் சீரியல் எண் மெஷினின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கும். இயங்குதளம் மாறினால் அவர்கள் கணக்கில் அது புது மெஷின். பழையதில் ஆக்டிவேஷனை விலக்கிக்கொண்டு வந்தால் சிக்கல் இல்லை. ஒரு விமானத்துக்கு அதைச் செய்ய மறந்துவிட்டேன், அதற்கு அனுமதித்த ஆக்டிவேஷன் எண்ணிக்கை ஏற்கெனவே தீர்ந்திருந்தது. விற்றவர்களுக்கு எழுதினேன். பதினொரு நாள் பதில் இல்லை. வந்த பதிலும் வாங்கிய ரசீதைக் கேட்டுத்தான் வந்தது. சிட்டையின் இரண்டாம் பக்கம் இல்லாவிட்டால் அந்த மின்னஞ்சலைத் தேடியே ஓய்ந்திருப்பேன். முழு விலை கொடுத்து வாங்கியவனை மூன்றாம் மனிதன்போல் நடத்துவது சரியில்லை.

ப்ளக்இன்கள் எது வரும், எது வராது என்று தெரிந்துகொள்ள அதன் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று இயங்குதளத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்பு இருக்கும். 'லின்' என்று தொடங்கும் பெயரில் கோப்போ ஃபோல்டரோ உள்ளே இருந்தால் வரும். 'வின்' மட்டும் இருந்தால் வராது. விமானத்துக்குள்ளே இருக்கிற ப்ளக்இன்னுக்கும் இதே கணக்கு. எனக்குப் பிடித்த ஓர் இரட்டை எஞ்சின் விமானம் அப்படித்தான் பின்தங்கிவிட்டது. அதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்திருக்கிறேன். படம் தெரிகிறது, காக்பிட்டில் ஒரு முள்ளும் அசையவில்லை. இதை எழுதும்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சீனரியில் ஷார்ட்கட் வேலையை லினக்ஸ் முறையில் மறுபடி செய்தோம். டி டிரைவில் இருந்த சீனரியை எல்லாம் புதிதாக ஃபார்மேட் செய்த பெரிய டிஸ்க்குக்குள் போட்டு, கஸ்டம் சீனரிக்குள் அந்த இடத்தைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க் வைத்தோம். விண்டோஸ் ஷார்ட்கட்டை லினக்ஸில் போட்டால் வேலை செய்யாது, அவற்றை அழித்துவிட வேண்டும். சீனரி வரிசையைச் சொல்லும் கோப்பும் அப்படியே வரக்கூடாது. என்னுடையதில் பாதி வரிகள் டி டிரைவின் முகவரியைச் சுமந்துகொண்டிருந்தன. அதை அழித்தால் எக்ஸ்-பிளேன் அடுத்த முறை தானே புதிதாக எழுதிக்கொள்ளும்.

எழுதிக்கொண்டது, ஆனால் செட்டிநாட்டுக்குப் போனால் ஓடுதளம் இல்லை. நிலத்தின் புகைப்படம் மட்டும் இருந்தது. பதறிப் போனேன். விஷயம் சின்னது. எங்கள் ஊர், காரைக்குடி, திருச்சி எல்லாம், அட்சரேகை தீர்க்கரேகைப்படி பிரித்த +10+078 என்ற ஒரே கட்டத்துக்குள் வருகின்றன. அந்தக் கட்டத்தின் நிலப்படத்தை ஆர்தோ ஃபோர் எக்ஸ்பி என்ற கருவியில் நானே செய்திருந்தேன். பட்டியலில் அது ஓடுதளத்துக்கு மேல் வரிசையில் உட்கார்ந்துவிட்டது. நிலப்படம் கீழே, விமான நிலையங்கள் மேலே என்பதுதான் முறை. அதற்காகவே அந்தக் கருவி தன் ஃபோல்டர் பெயர்களை இசட் எழுத்தில் தொடங்குகிறது, அகரவரிசையில் தானாகவே அடிக்குப் போய்விடும். என்றைக்கோ நான் அந்த இசட்டை அழகு பார்த்து எடுத்துவிட்டிருக்கிறேன். இரண்டு வரியை இடம் மாற்றியதும் ஓடுதளம் வந்தது. இருபத்து மூன்று வீடுகளும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

நான் பயந்த இடத்தில் ஒன்றுமே ஆகவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே ஒரு துண்டு பர்மாத் தேக்கு வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லீவர் செய்து வைத்திருக்கிறேன். உள்ளே ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டு. லினக்ஸுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கவலைப்பட்டேன். சொருகியதும் ஜாய்ஸ்டிக் என்று அடையாளம் கண்டுகொண்டது, தனி டிரைவர் எதுவும் கேட்கவில்லை. பட்டன் எண்கள் மட்டும் மாறியிருந்தன, உட்கார்ந்து மறுபடி ஒதுக்கினேன், காலிபரேஷனும் புதிதாகச் செய்தேன். தேக்கு லீவரைத் தள்ளி எஞ்சின் சத்தம் உயர்ந்தபோதுதான் இது என் மெஷின் என்ற எண்ணமே திரும்பி வந்தது.

பையன் கிளம்புவதற்கு முந்தின நாள் திருச்சியிலிருந்து எழும்பினோம். செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானம். நேர்த் தெற்கே ஏறக்குறைய 35 கடல் மைல், இருபது நிமிடப் பறப்பு. அப்பச்சி தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புதுக்கோட்டை தாண்டியதும் திருமயம் கோட்டை பாறைமேல் வட்டமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ஊரணிகளும் கண்மாய்களும். இறங்கினேன், எஞ்சினை நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை.

பையன் லாக் கோப்பைத் திறந்தான். எக்ஸ்-பிளேன் ஒவ்வொரு முறையும் எதைத் தேடியது, எது கிடைக்கவில்லை என்று அதில் எழுதிவைக்கும், ஒரு கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம். ஸ்கிரிப்டுகளில் ஒலிக்கோப்பின் பாதையை நான் விண்டோஸ் வழக்கப்படி இடப்பக்கம் சாய்ந்த கோட்டால் எழுதியிருந்தேன். லினக்ஸில் கோடு வலப்பக்கம் சாய வேண்டும். அவன் இரண்டு ஸ்கிரிப்டையும் திருத்தினான். மறுபடி இறங்கினோம். மயில் அகவியது. ஆச்சி மகன் கைதட்டினான். நானும் எழுந்திருக்கப் போனேன்.

அப்பச்சி எழுந்திருக்கவில்லை. "ரயிலு வரலையேடா."

அவருக்கு எண்பத்திரண்டு வயது, காது இலேசாக மந்தம். மயில் வந்த சந்தோஷத்தில் நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை.

அன்று ராத்திரி பையன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நான் தனியாக உட்கார்ந்து தேடினேன். பாதை சரி, கோப்பு இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. கோப்புக்குப் 'பல்லவன்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தபோது முதல் 'பி'யைப் பெரிய எழுத்தாகப் போட்டிருக்கிறேன். ஸ்கிரிப்டில் சின்ன 'பி'. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். நமக்கோ தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அ என்றால் எங்கே வந்தாலும் அ. கண் பழகாத வித்தியாசம், அதனால்தான் அத்தனை நேரம் எடுத்தது. பிறகு என்னுடைய எல்லாக் கோப்புகளையும் சின்ன எழுத்துக்கு மாற்றி, ஸ்கிரிப்டுகளிலும் அப்படியே திருத்தினேன்.

மறுநாள் விடியும் முன்பே பையன் பஸ் ஏறிவிட்டான். அப்பச்சி காப்பி குடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திருச்சியிலிருந்து புறப்படாமல் திருமயத்துக்கு மேலேயே விமானத்தை வைத்து, நேராக இறக்கினேன். எஞ்சினை நிறுத்தினேன். காற்றாடி சுற்றி நின்றது. மயில் அகவியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தூரத்தில் ஹாரன், நீளமாக, தேய்ந்துகொண்டே போனது.

அப்பச்சி வளவுப் பக்கம் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பல்லவன் இன்னைக்கு லேட்டு" என்றார்.